டிக்சனரிக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்

"யார் இந்த அம்மா? இவங்களை யாரு கூப்பிட்டது?"

நெஞ்சுநோய்ப் பிரிவின் நான்காம் எண் அறைக்குள் கால் வைத்ததும் டிக்சனரி கேட்ட முதல் கேள்வி இதுதான். இன்னும் உட்காரக்கூட இல்லை. தம்பியும் தம்பி மனைவியும் அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தார்கள். ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. அதற்கு மேல் திறக்காதபடி சட்டத்தில் திருகாணி முடுக்கியிருந்தார்கள். எல்லார் முகத்திலும் முகமூடி. தம்பிக்குப் பின்னால் சற்றுத் தள்ளி, மடியில் சின்ன நோட்டோடு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை தொங்கியது.

"நான் மொழிபெயர்ப்பாளர். ஆஸ்பத்திரியில இருந்து என்னை வரச் சொன்னாங்க," என்றார் அந்த அம்மா.

"அப்ப நான் எதுக்கு இருக்கேன்?"

"நான்தான் கேட்டேன் மாமா," என்றாள் தம்பி மனைவி. கணவனின் அண்ணனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். "போன வாரம் அவசரப் பிரிவுல நர்ஸ் ஒரு அட்டையைக் காட்டினாங்க. எல்லா பாஷையும் எழுதியிருந்துச்சு. நம்ம எழுத்து மேல விரலை வச்சேன். அவ்வளவுதான்."

"யாரைக் கேட்டு வச்சே?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான். டிக்சனரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் இந்த நகரத்துக்கு வந்து இருபத்திரண்டு வருடம். குடும்பத்தில் முதலில் வந்தவர், முதலில் இந்த ஊர் பாஷையைப் பேசியவர். பிறகு வந்த தம்பி, தங்கை, மச்சான், மச்சானின் மச்சான் என்று அத்தனை பேருக்கும் வீடு பிடித்தது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தது, விசா அலுவலகத்தில் மேசையைத் தட்டிப் பேசியது எல்லாம் அவர்தான். யார் வீட்டுக்குக் கடிதம் வந்தாலும் அவர் வரும்வரை பிரிக்காமல் மேசையில் கிடக்கும். டிக்சனரி என்ற பெயரை ஒரு மச்சான் கேலிக்குத்தான் வைத்தான். இவர் அதைப் பட்டமாகவே வாங்கி மாட்டிக்கொண்டார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவருக்குத் தெரிந்தது குளிர்பதனக் கிடங்கின் பாஷை. எந்த லாரி எந்தக் கதவுக்கு, எந்தப் பெட்டி மேலே எது கீழே, டிரைவர் தாமதமாக வந்தால் அவனை எப்படி வாங்கு வாங்கென்று வாங்குவது, இதிலெல்லாம் அவரை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. அந்தப் பாஷை ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடும். உள்ளே டாக்டர்கள் பேசுவதில் பத்து வார்த்தைக்கு இரண்டு பிடிபட்டால் அதிகம். அதற்காக ஒருநாளும் அவர் "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டதில்லை. கேட்டால் பட்டம் என்னாவது? முகமூடிக்கு மேலே டாக்டரின் கண்ணைப் பார்ப்பார். கண் சாந்தமாக இருந்தால் சேதி நல்லது, சுருங்கினால் கெட்டது. டாக்டர் கால் மணி நேரம் பேசியதை ஒரே வரியில் தமிழில் சொல்லி முடிப்பார். எவ்வளவு சுருக்கமாகச் சொல்கிறார் பார் என்று வீட்டில் மெச்சிக்கொள்வார்கள்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால், தம்பிக்குக் காசநோய் என்று இதே பிரிவில் கண்டுபிடித்தபோதும் அப்படித்தான் நடந்தது. அன்றைக்கு இருந்தது வேறு டாக்டர். மாத்திரைகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் விளக்கினார். புரிகிறதா என்று கேட்டார். புரிகிறது என்றார் டிக்சனரி. ஒரு தாளை நீட்டினார். இவர் கையெழுத்துப் போட்டார். கொடுத்த பையில் இரண்டு மாதத்து மாத்திரை இருந்தது. அதைப் பார்த்துத் தம்பியிடம், "ரெண்டு மாசம் ஒழுங்கா சாப்பிடு, அதோட சரியாயிடும்" என்றார். தம்பி ஒருவேளைகூடத் தவறாமல் சாப்பிட்டான். இருமல் நின்றது. உடம்பு தேறியது. மாத்திரை தீர்ந்ததும் நிறுத்தினான். பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று கடிதம் வந்தது. மூன்றையும் டிக்சனரி பிரித்து மேலோட்டமாகக் கண்ணை ஓட்டிவிட்டு, "இது எல்லாருக்கும் வழக்கமா அனுப்புறது" என்று மடித்து வைத்தார்.

போன வாரம் தம்பி ரத்தமாக இருமினான். கிடங்கில் கூட வேலை செய்கிற ஒருவனிடம் டிக்சனரி பேச்சுவாக்கில் விசாரித்தார். அவன் மாமனாருக்கும் இதே நோய் வந்திருந்தது. ஆறு மாதம் சாப்பிட வேண்டுமே, நடுவில் விட்டால் ஆபத்தாச்சே என்றான் அவன். அன்றிலிருந்து டிக்சனரிக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியாவது பூசி மெழுகிவிடலாம், டாக்டர் கேட்பதும் தம்பி சொல்வதும் தன் வாய் வழியாகத்தானே போக வேண்டும் என்ற ஒரே தைரியத்தில்தான் இன்று காலை விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். வந்து பார்த்தால் அவர் இடத்தில் ஒரு அட்டைக்காரம்மா.

டாக்டர் வந்தார். இளவயது, நெட்டையான ஆள், கக்கத்தில் தம்பியின் கோப்பு. அட்டைக்காரம்மா இரண்டு பாஷையிலும் முதலில் விதியைச் சொன்னார்.

"இந்த ரூம்ல யார் என்ன பேசினாலும் அப்படியே அந்தப் பக்கம் சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நீங்க 'நான்'னு சொன்னா நானும் 'நான்'னுதான் சொல்லுவேன். டாக்டருக்குத் தெரிய வேணாம்னு நினைக்கிறதை இங்க பேசாதீங்க. இங்க கேட்டதை வெளியில யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"கேட்டுக்கோடா," என்றார் டிக்சனரி தம்பியிடம். "வெளியில சொல்ல மாட்டாங்களாம். நம்ம ஆளுங்களை எனக்குத் தெரியாதா? நாளைக்கே ஊர் பூரா தமுக்கடிச்சிடுவாங்க. எவன் வீட்ல என்ன நோய்னு தெரிஞ்சுக்கத்தான் இதுங்க எல்லாம் இந்த வேலைக்கே வருது."

அட்டைக்காரம்மா டாக்டர் பக்கம் திரும்பி நிதானமாகப் பேசினார். டாக்டரின் புருவம் ஏறியது.

"என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

"நீங்க சொன்னதை."

"இதையெல்லாமா சொல்லுவாங்க? அறிவிருக்கா உங்களுக்கு?"

அட்டைக்காரம்மா அதையும் சொன்னார். தன்னைத் திட்டிய திட்டை ஓர் எழுத்துக் குறையாமல், பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். தம்பி மனைவியின் தோள் லேசாகக் குலுங்கியது. முகமூடிக்குள் சிரிக்கிறாள். டிக்சனரி அதைப் பார்த்துவிட்டார், மனதில் முடிச்சுப் போட்டும் வைத்துக்கொண்டார்.

டாக்டர் கோப்பைத் திறந்தார். அவர் பேசப் பேச, கையோடு கையாகத் தமிழ் வந்தது.

"நோய் திரும்பி வந்திருக்கு. பாதியில விட்டதால, முன்ன கொடுத்த மாத்திரையில ஒண்ணு இனிமே உங்க உடம்புல வேலை செய்யாது. இந்தத் தடவை வேற மருந்து, ஒன்பது மாசம். அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும். ஆறு மாசம் சாப்பிடச் சொன்ன மருந்தை ரெண்டு மாசத்துல ஏன் நிறுத்தினீங்க?"

தம்பிக்கு இந்த ஆஸ்பத்திரியில் முதல் முறையாக ஒரு டாக்டரின் பேச்சு முழுசாகக் காதில் விழுந்திருந்தது. ஆறு மாசம். அவன் மெதுவாகத் திரும்பி அண்ணனைப் பார்த்தான்.

"பழசையெல்லாம் எதுக்குக் கிளறுறீங்க?" என்று டிக்சனரி முந்திக்கொண்டார். "ஆக வேண்டியதைப் பாருங்க!"

அட்டைக்காரம்மா சொன்னார். டாக்டர் டிக்சனரியைக் கையமர்த்திவிட்டுத் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானாத்தான் நிறுத்தினேன்," என்றான் தம்பி. "உடம்பு நல்லாயிடுச்சு. இனிமே எதுக்குன்னு விட்டுட்டேன்."

அட்டைக்காரம்மா அதை டாக்டரிடம் சொன்னார். தம்பி தனக்காகப் பொய் சொல்கிறான் என்று டிக்சனரிக்குப் பளிச்சென்று புரிந்தது. புரிந்தும், வெட்கக்கேட்டைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அவருக்கு அப்பாடா என்றிருந்தது. சாயங்காலம் வயிறாரச் சாப்பிடலாம் என்றுகூட ஓர் எண்ணம் ஓடியது. இவரெல்லாம் ஒரு மனுஷனா என்று கேட்கத் தோன்றும். மனுஷன்தான்.

டாக்டர் எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே பேசினார்.

"அப்படின்னா உங்களை நம்பி மருந்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்ப முடியாது. தெரிஞ்சே நிறுத்தினவங்களை ஊருக்கு வெளியில இருக்கிற எங்க வார்டுல வச்சுத்தான் மருந்து கொடுப்போம். ஒன்பது மாசமும் அங்கதான் இருக்கணும். இன்னைக்கே போகணும்."

தம்பி மனைவி எழுந்தேவிட்டாள். "ஒன்பது மாசமா? நாலு வயசுப் பொண்ணு வீட்ல இருக்கா. நான் ஷிஃப்ட் வேலைக்குப் போறவ." புருஷன் பக்கம் திரும்பினாள். "எதுக்குப் பொய் சொல்றீங்க? நீங்களா நிறுத்தினீங்க?"

"நீ சும்மா இரு."

"சும்மா இருந்து இருந்துதான் இங்க வந்து நிக்கிறோம்! மாமாதான் ரெண்டு மாசம்னு சொன்னார். என் ரெண்டு காதால கேட்டேன். காலண்டர்ல முடியற நாளுக்கு நான்தான் வட்டம் போட்டேன்."

"வாயை மூடு!" டிக்சனரியின் குரல் நடைபாதைவரை போயிருக்கும். "நான் ஆறு மாசம்னுதான் சொன்னேன். உன் புருஷன் காதுல வாங்கலைன்னா அதுக்கு நானா பொறுப்பு? இருபத்திரண்டு வருஷமா இந்தக் குடும்பத்துக்கே வாயா இருக்கேன். நேத்து வந்தவ நீ, என்னைக் கேள்வி கேக்கிறியா?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசியபோதும் அட்டைக்காரம்மா அசரவில்லை. பென்சிலால் நோட்டில் கோடு கோடாக இழுத்து வைத்துக்கொண்டு, ஒருவர் விடாமல் வரிசையாக டாக்டரிடம் ஒப்பித்தார். டிக்சனரியின் முறை வந்தது. நான் ஆறு மாதம் என்றுதான் சொன்னேன் என்று ஒரு பெண்ணின் அமைதியான குரலில் தன் பொய்யைக் கேட்பது அவருக்கு என்னவோபோல் இருந்தது. தான் கத்தும்போது அது பொய்யாகவே தெரிந்திருக்கவில்லை.

டாக்டர் கோப்பின் அடியிலிருந்து ஒரு பழைய தாளை உருவி மேசையில் வைத்தார்.

"உறவினர் நோயாளிக்கு எல்லாத்தையும் விளக்கிட்டார்னு இதுல உங்க கையெழுத்து இருக்கு. அன்னைக்கே எங்க ஆளுங்க மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டிருக்கணும், கூப்பிடலை. அது எங்க தப்பு. தகவல் தப்பாப் போயிருந்தா, அவர் வீட்ல இருந்தே மருந்து சாப்பிடலாம், நர்ஸ் தினமும் வந்து பார்ப்பாங்க. தெரிஞ்சே விட்டிருந்தா வார்டுதான். அன்னைக்கு டாக்டர் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா, இல்லையா?"

"எனக்கு பாஷை தெரியும்," என்று அந்த ஊர் பாஷையிலேயே டாக்டரிடம் சொன்னார் டிக்சனரி. பிறகு அட்டைக்காரம்மாவிடம் தமிழில், "என் காதுல நீங்க ஊதத் தேவையில்லை. நேரா என்கிட்ட பேசச் சொல்லுங்க" என்றார்.

அட்டைக்காரம்மா சொன்னார். டாக்டர் நாற்காலியை டிக்சனரி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு பேசினார். ஒரு நிமிடம் இருக்கும். குரலை உயர்த்தவும் இல்லை, வேகப்படுத்தவும் இல்லை. முடித்ததும் கையைத் தம்பி பக்கம் காட்டி, இதை அவருக்குச் சொல்லுங்கள் என்றார்.

அட்டைக்காரம்மா பென்சிலை மடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். தம்பி காத்திருந்தான். தம்பி மனைவி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். டிக்சனரிக்குப் பிடிபட்டது வார்டு, மாதம், மகள், மாத்திரை, அப்புறம் கண் என்று ஏதோ ஒன்று. இடையில் இருந்ததெல்லாம் காற்றோடு போய்விட்டது. டாக்டரின் கண்ணைப் பார்த்தார். அது சாந்தமாகத்தான் இருந்தது.

"எல்லாம் சரியாயிடும்ங்கிறார்," என்றார் தம்பியிடம். "மகளை நல்லா பாத்துக்கச் சொல்றார்."

அட்டைக்காரம்மா அதை டாக்டருக்குச் சொன்னார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அவர் அடுத்துப் பேசியது அட்டைக்காரம்மா வழியாகத் தமிழில் வந்தது.

"நான் அப்படிச் சொல்லலை. வார்டுக்குப் போனா முதல் மூணு மாசம் மகளைப் பார்க்கவே முடியாதுன்னு சொன்னேன். புது மாத்திரையில ஒண்ணு கண்ணைப் பாதிக்கலாம், பார்வை மங்கினா அன்னைக்கே எங்ககிட்ட சொல்லணும், விட்டா பார்வை திரும்பாமலே போகலாம்னு சொன்னேன்."

தம்பி மனைவி இப்போது கத்தவில்லை. "போதுமா மாமா?" என்றாள். அந்த இரண்டு வார்த்தையும் டாக்டருக்குப் போனது.

"விடுங்க," என்றான் தம்பி. யாரையும் பார்க்கவில்லை. "நான் வார்டுக்கே போறேன். எழுதிக்கச் சொல்லுங்க."

டிக்சனரி தம்பியைப் பார்த்தார். போன வருடம் எடுத்த சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. இந்த நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். தம்பி போய்விடுவான். தம்பி மனைவி சொல்வதை வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். டிக்சனரி டிக்சனரியாகவே இருப்பார். அந்த வழியையும் அவர் நினைத்துப் பார்த்தார். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

"நான்..." என்று அந்த ஊர் பாஷையில் தொடங்கினார். "அன்றைக்கு... நான்..." தாமதத்துக்கு வார்த்தை இருந்தது. உடைந்த பெட்டிக்கு இருந்தது. தப்பான கதவுக்கு இருந்தது. இதற்கு இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பின்பக்கம் திரும்பினார்.

"அம்மா. நான் சொல்றதை அவர்கிட்ட சொல்லுங்க."

"சொல்லுங்க," என்றார் அட்டைக்காரம்மா. குரலில் ஜெயித்த தோரணையும் இல்லை, பாவம் பார்க்கிற தோரணையும் இல்லை. அதுவே டிக்சனரிக்கு எரிச்சலாக இருந்தது.

"எனக்குப் புரியலை. அன்னைக்கு டாக்டர் பேசினது எனக்கு ஒண்ணுமே புரியலை. புரிஞ்சுதுன்னு பொய் சொன்னேன். பையில ரெண்டு மாசத்து மாத்திரை இருந்துச்சு, அதை வச்சு நானா ரெண்டு மாசம்னு சொல்லிட்டேன். கடிதம் வந்துச்சு, அதையும் எனக்குப் படிக்கத் தெரியலை. தம்பி மேல தப்பே இல்லை. நான் சொன்னதைத்தான் அவன் கேட்டான்."

அட்டைக்காரம்மா ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். நான், நான் என்று அந்தப் பாஷையில் தன் குட்டு உடைவதை டிக்சனரி நின்று கேட்டார். இந்த ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தைகூட விடாமல் அவருக்குப் புரிந்த முதல் பேச்சு அதுதான்.

டாக்டர் எழுதியிருந்ததைக் குறுக்கே அடித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். மருந்து வீட்டிலேயே. காலையில் நர்ஸ் வந்து, எதிரில் நின்று விழுங்கச் சொல்வார். மாதம் ஒருமுறை கண் பரிசோதனை. ஒவ்வொரு முறையும் மொழிபெயர்ப்பாளர். உறவினர் மொழிபெயர்க்கக் கூடாது. அட்டைக்காரம்மா அதைத் தமிழில் வாசித்து முடிக்கும்வரை தம்பி மனைவி நின்றுகொண்டே இருந்தாள்.

"அடுத்த தடவை நீங்க வர வேணாம் மாமா," என்றாள். "எந்தத் தடவையும் வேணாம்."

டிக்சனரி தம்பியைப் பார்த்தார். அவளை அதட்டுவான், குறைந்தபட்சம் விடுங்க அண்ணே என்றாவது சொல்வான் என்று எதிர்பார்த்தார். தம்பி ஏதோ யோசனையில் இருந்தான்.

"அண்ணே."

"என்னடா?"

"மூணு வருஷம் முன்னாடி நம்ம அம்மா இங்கதான் மேல் மாடியில இருந்தாங்க. டாக்டர் வெளியில வந்து உங்ககிட்ட ரொம்ப நேரம் பேசினார். இனிமே ஒண்ணும் செய்ய முடியாதாம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றார்னு நீங்க சொன்னீங்க. கூட்டிட்டுப் போனோம். பதினோரு நாள் இருந்தாங்க." அவன் இருமினான், அடங்கும்வரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "அந்த டாக்டர் அதைத்தான் சொன்னாரா?"

அட்டைக்காரம்மா முழுவதையும் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். அந்த நடைபாதையில் டாக்டர் பேசிக்கொண்டே இருந்ததும், தான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்ததும் டிக்சனரிக்கு ஞாபகம் வந்தது. என்ன பேசினார் என்று எவ்வளவு துழாவியும் ஒன்றும் கிடைக்கவில்லை.

"தெரியலடா," என்றார்.

அட்டைக்காரம்மா அதையும் டாக்டரிடம் சொன்னார்.